மூடியைப் பிடித்திருந்தவள்

என்னிடம் இருக்கும் டர்ட் பைக்குக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிறது. ஐந்து மாதங்களாக ஓட்டாமல் நிறுத்தியிருந்த அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியே தள்ளி, எப்போதோ ஸ்க்ரூ தொலைந்து ஆடிக்கொண்டிருந்த பக்கவாட்டு மூடியைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு உதைத்தேன். கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைப் போட்டிருக்கும்வரை உறுமியது. சோக்கை எடுத்த கணமே அணைந்தது. அப்படியென்றால் மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் போதவில்லை, அதற்குப் பொறுப்பு பைலட் ஜெட் என்னும் துளையிட்ட சின்னப் பித்தளைத் துண்டு என்ற அளவுக்கு எனக்கு விஷயம் தெரியும். பின்னால் பட்ட பாட்டுக்கெல்லாம் மூலம் அந்த அரைகுறை அறிவுதான்.

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றி அடிக்கிண்ணத்தைத் திறந்தால், மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோலில் ஆவியாகக்கூடியதெல்லாம் போய், மிச்சம் அரக்குப் போல ஒட்டிக் கிடந்தது. அரை மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத பைலட் ஜெட்டின் துளையில் வெளிச்சமே தெரியவில்லை. கம்பியை விட்டுக் குத்தச் சொல்லிக் கை பரபரத்தாலும், பித்தளை மென்மையானது, துளை அகன்றுவிட்டால் பிறகு பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகும் என்பதால் அடக்கிக்கொண்டு, பிரஷ்ஷிலிருந்து பிடுங்கிய நைலான் இழையால் துழாவினேன். அடுத்து கார்புரேட்டரின் ஒரு வழியில் கிளீனரைப் பீய்ச்சி, அது எந்த வழியாக வெளியேறுகிறது என்று குனிந்து ஆராய்ந்தேன். அது என் மூக்கின் மேல் வெளியேறியது. கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது.

பைக் சோக் இல்லாமல் ஓடியது, சரியாகப் பத்து நிமிடம்.

இந்த இடத்தில் என் மகளின் பங்கைச் சொல்லியாக வேண்டும். டேங்க் மூடியைத் தரையில் வைத்தால் மண் ஒட்டும் என்பதால், நான் பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் வேலை. மூடியைத் திறந்தால் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும்; உள்ளே பாதி டேங்க் பெட்ரோல் இருக்கும்; மூடிவிட்டு உதைத்தால் ஓடும்; பத்து நிமிடத்தில் விக்கி விக்கி நிற்கும்.

அடுத்த இரண்டு ஞாயிறுகளில் மிதவையின் உயரத்தைச் சரிசெய்தேன், பெட்ரோல் டேப்பின் வலையைக் கழுவினேன், நன்றாக இருந்த ஸ்பார்க் ப்ளக்கையும் மாற்றினேன். ஒவ்வொரு வேலை முடிந்ததும் டேங்கைத் திறந்து பார்த்துவிட்டு உதைக்க, அது ஓட, கோளாறைக் கண்டுபிடித்துவிட்டதாக வீட்டுக்குள் போய் அறிவித்தேன். மூன்றாவது அறிவிப்புக்கு யாரும் தலை நிமிரவில்லை.

"அப்பா, மூடியத் திறக்காம ஒரு தடவ உதைச்சுப் பாருங்களேன்" என்றாள் மகள்.

கால் வலிக்கும்வரை உதைத்தும் உயிர் வரவில்லை. கார்புரேட்டருக்கு வரும் ஹோஸை உருவி ஒரு பாட்டிலுக்குள் விட்டு டேப்பைத் திறந்தபோது, தாரையாகக் கொட்ட வேண்டிய பெட்ரோல் நான்கு சொட்டு விட்டு நின்றது. மூடியைத் திறந்தேன்; 'ஸ்ஸ்' என்றது; பாட்டில் நிரம்பத் தொடங்கியது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் டேங்கினுள் அழுத்தம் குறைந்து, மேற்கொண்டு பெட்ரோலை இறங்க விடாது. அந்தக் காற்று போவதற்கென்றே மூடியின் தலையில் ஒரு சிறு ஹோஸ் இருக்கிறது. மூன்று வாரங்களாக பைக்கை ஓட வைத்தது என் பழுதுபார்ப்பு அல்ல, என் சந்தேகம்தான்.

மகள் கையிலிருந்த மூடியைத் திருப்பிக் காட்டினாள். ஹோஸின் நுனியில் ஒரு ஸ்க்ரூ செருகப்பட்டிருந்தது.

"இது இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்பா."

ஐந்து மாதங்களுக்கு முன்பு, வேகமாகத் தண்ணீர் அடித்துக் கழுவும்போது டேங்குக்குள் நீர் இறங்கிவிடக் கூடாது என்று முன்யோசனையோடு அடைத்தவன் நானே. ஸ்க்ரூவை உருவிக் கையில் வைத்துப் பார்த்தபோது அது எங்கேயோ பார்த்ததாகப் பட்டது. பக்கவாட்டு மூடியைக் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்துவிட்டு அதை அங்கே வைத்துத் திருகினேன், அச்சாகப் பொருந்தியது.