பழைய காருக்குப் பெட்ரோல் ஃபில்டர்

35 வயது தாண்டிய கிளாசிக் கார் வைத்திருப்போருக்கு. உள்ளே பெட்ரோல் தெரிகிற கண்ணாடி ஃபில்டர் பார்க்க அழகுதான். ஆனால் எஞ்சின் சூட்டில் அதன் ரப்பர் வளையம் இறுகிக் கசியும். சொட்டு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (எஞ்சின் புகை வெளியேறும் சூடான குழாய்) விழுந்தால் தீப்பிடிக்கலாம். உலோக உறை உள்ளதையே வாங்குங்கள்.

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் பெட்ரோல் அழுத்தம் சுமார் 3–6 பிஎஸ்ஐ (அழுத்த அலகு), பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷனில் பெரும்பாலும் 40-க்கு மேல். முதலாவதற்கான ஃபில்டரை இரண்டாவதில் மாட்டவே கூடாது. குழாய் 6 மிமீயா, 8 மிமீயா என்று அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

ஃபில்டர் மேலுள்ள அம்புக்குறி எஞ்சின் பக்கம் இருக்கட்டும். ஹோஸ், கிளிப் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். வெடிப்பு விட்ட ஹோஸில் புது ஃபில்டர் எதற்கு? வேலை தொடங்குமுன் பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். மாட்டியபின் அதை மீண்டும் இணைத்து, எஞ்சினை 5 நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, இணைப்புகளில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பலமாடிக் கார்நிறுத்துமிடத்தில் மட்டும் இந்த வேலை வேண்டாம்!