ஒரு ஜோடி அடைப்புக்குறி

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். மொத்த வியாபார பில்களில் ஒவ்வொரு வரியிலும் எண்ணிக்கையை விலையால் பெருக்கி, வரிக்குச் சராசரியாக எவ்வளவு ரூபாய் என்று மாதாமாதம் அறிக்கை தர வேண்டும். பைத்தானில் நம்பை (NumPy) என்ற எண்கணக்கு நூலகத்தை வைத்து நான்தான் எழுதியிருந்தேன். இரண்டு அரே (எண்களின் அடுக்கு), நடுவில் ஒரு நட்சத்திரக் குறி, கடைசியில் சராசரி. அவ்வளவுதான்.

மூன்று மாதம் ஓடியது. ஒருநாள் கணக்குப் பிரிவு அண்ணன் எக்செல் தாளோடு வந்து நின்றார். "தம்பி, உங்க சராசரி எப்பவும் என்னோடதுக்கு மேலயே வருதே?"

எங்கள் குழுவின் லீட், மேட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருளில் பழகியவர். அங்கே வெறும் நட்சத்திரம் என்றால் மேட்ரிக்ஸ் பெருக்கல், அதாவது வரிசையை நெடுவரிசையோடு பெருக்கிக் கூட்டுவது. உறுப்புக்கு உறுப்பு பெருக்க முன்னால் புள்ளி வைக்க வேண்டும். அதனால் அவருக்கு உடனே நட்சத்திரத்தின் மேல்தான் சந்தேகம். ஆனால் நம்பை அரேயில் நட்சத்திரம் உறுப்புக்கு உறுப்புதான் பெருக்கும். மேட்ரிக்ஸ் பெருக்கலுக்கு @ குறி, 2015இல் பைத்தான் 3.5-உடன் வந்தது. குறி சரி.

பக்கத்து இருக்கை அக்கா தலையைத் திருப்பாமலே கேட்டார்: "ரெண்டோட ஷேப்பையும் பிரிண்ட் பண்ணிப் பார்த்தியா?"

பார்த்தேன். ஒன்று (12000, 1), அதாவது 12000 வரிசை, ஒரு நெடுவரிசை. இன்னொன்று (12000,), நெடுவரிசைக் கணக்கே இல்லாத வெறும் 12000 எண்கள்.

பாண்டாஸ் (அட்டவணைகளைக் கையாளும் பைத்தான் நூலகம்) அட்டவணையிலிருந்து எண்ணிக்கையை எடுக்கும்போது சதுர அடைப்புக்குறியை இரட்டையாகப் போட்டிருக்கிறேன். அப்படிப் போட்டால் பட்டியலுக்குப் பதில் ஒரு நெடுவரிசை கொண்ட அட்டவணை வரும். நம்பை ஷேப்களை வலப்பக்கத்திலிருந்து ஒப்பிடும். இல்லாத இடத்தை 1 என்று எடுத்துக்கொண்டு, 1 இருக்கும் இடத்தை, எதிரே உள்ள அளவுக்கு இழுத்துக்கொள்ளும். இதுதான் பிராட்காஸ்டிங். பிழைச்செய்தி எதுவும் வராது. ஒவ்வொரு எண்ணிக்கையையும் எல்லா விலைகளாலும் பெருக்கி, 12000-க்கு 12000 சதுரமாக 14.4 கோடி எண்களை, அதாவது சுமார் 1.15 ஜிபியை, எனக்குக் கொடுத்திருக்கிறது. மாதக் கடைசியில் விசிறி அலறியதை லேப்டாப்பின் வயசு என்று நினைத்திருந்தேன்!

கூட்டுத்தொகை கேட்டிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். எண்ணிக்கை 10, 20, 30. விலை 5, 4, 2 என்று வையுங்கள். சரியான தொகை 190. தப்பாகப் பெருக்கினால் 660. சராசரியிலோ 63.33க்குப் பதில் 73.33 வரும், யார் கண்ணையும் உறுத்தாது. காரணம், அந்தப் பெரிய சதுரத்தின் சராசரி என்பது சராசரி எண்ணிக்கையைச் சராசரி விலையால் பெருக்கினால் வருவதுதான். விலை குறைந்த சரக்குதான் அதிகம் போகும் என்பதால் எங்கள் கணக்கு எப்போதும் மேல்பக்கமே சாய்ந்தது. அண்ணன் "எப்பவும்" என்று அழுத்திச் சொன்னதிலேயே பாதி விடை இருந்திருக்கிறது.

திருத்தம் என்னவோ இரண்டு எழுத்து: ஒரு ஜோடி அடைப்புக்குறி போயிற்று. அப்புறம் இரண்டு ஷேப்பும் ஒன்றாக இல்லாவிட்டால் நிரலையே நிறுத்தும் வரி ஒன்றைப் பெருக்கலுக்கு மேலே சேர்த்தேன்.

அடுத்த மாத அறிக்கை போன அன்று மேலாளர் கூப்பிட்டார். வியாபாரம் நல்லாத்தானே போகுது, சராசரி ஏன் திடீரென்று விழுந்தது என்று கேட்டார்.