நன்றாக ஓடும் மெஷினைத் திறக்காமல் விடுவது

கோவை பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். பிரேக்டவுனைக் குறைக்க ஒரு திட்டம் வேண்டும் என்று நிர்வாகம் சொன்னபோது, நான் ஏதாவது மென்பொருளோ விலை கூடிய கருவியோ கேட்பேன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நான் கேட்டு வாங்கியது பழைய பிரேக்டவுன் நோட்டுகளை. எண்ணெய்க் கறை படிந்த அந்த நோட்டுகளில் பாதி வரிகள் "பேரிங் போச்சு, மாத்தியாச்சு" என்பதோடு முடிந்துவிடும். ஏன் போனது என்று எங்கும் இருக்காது. ஆனால் தேதி இருந்தது.

அந்தத் தேதிகளை வாரவாரியாக அடுக்கிப் பார்த்தேன். பொங்கல், தீபாவளி விடுமுறை முடிந்து ஆலை மறுபடி ஓடத் தொடங்கும் வாரங்களில் பதிவுகள் நெருக்கமாக இருந்தன. எங்களிடம் பெரிய வேலைகள் நடப்பதே அந்த விடுமுறைகளில்தான். தொழிலாளர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். இருக்கிற பிட்டர்களை வைத்து ஃபேன், மோட்டார், கம்ப்ரசர் என்று எல்லாவற்றையும் பிரித்து, துடைத்து, பேரிங் மாற்றி மூடுவோம். அப்படி அக்கறையோடு கைவைத்த மெஷின்கள்தான் சீக்கிரம் நின்றிருந்தன.

விமானத் துறை இதை எப்போதோ கண்டுகொண்டது. யுனைடெட் ஏர்லைன்ஸில் இருந்த ஸ்டான்லி நவ்லன், ஹோவர்ட் ஹீப் இருவரும் 1978-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக எழுதிய அறிக்கையில் இது விரிவாக இருக்கிறது. அவர்கள் ஆராய்ந்த விமான பாகங்களில் 11 சதவீதம் மட்டுமே வயது ஏற ஏறப் பழுதாகும் வகை. 68 சதவீதம் நேர்மாறு: புதிதாகப் பொருத்திய உடனே பழுதாகும் வாய்ப்பு அதிகம், அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் சீராக ஓடும். டிசி-8 விமானத்துக்கு முதலில் வகுத்த திட்டத்தில் 339 பாகங்களைக் குறித்த காலத்தில் பிரித்துப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. பின்னால் வந்த டிசி-10-க்கு அந்தப் பட்டியல் 7 ஆகிவிட்டது. நூற்பாலைக்கு இதே சதவீதம் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் நோட்டு சொன்ன செய்தியும் இதுவாகத்தான் இருந்தது.

இதை ஆலையில் சொன்னபோது எதிர்ப்பு வந்தது, வர வேண்டியதுதான். "பராமரிப்புக்காரரே பராமரிப்பைக் குறைக்கணும்னா எப்படி?" என்றார் மேலாளர். மூத்த பிட்டர் ஒருவர், முப்பது வருடத்துக்கு மேல் இதே ஆலையில் இருப்பவர், இன்னும் நேராகக் கேட்டார்: "ஏனுங்க சார், திறந்து பார்க்காம உள்ளே என்ன இருக்குன்னு எப்படிங்க தெரியும்?" முழுத் திட்டமும் இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான்.

முதல் வேலை, எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று பிரிப்பது. நூல் நூற்கும் ரிங் பிரேமில் டிராவலர், காட்ஸ், ஏப்ரான், பஞ்சைச் சீவும் கார்டிங்கில் கம்பி இதெல்லாம் ஓட ஓடத் தேயும் பாகங்கள். இவற்றுக்குக் கால அட்டவணை அவசியம், அதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட நான் சம்மதிக்கவில்லை. மோட்டார் பேரிங், எலக்ட்ரானிக் கார்டு போன்றவை வேறு ரகம். அவை எப்போது போகும் என்று காலண்டருக்குத் தெரியாது.

அடுத்து, எது நின்றால் என்ன ஆகும் என்ற கணக்கு. எங்கள் கவனம் முழுக்க ரிங் பிரேம் மேல்தான் இருந்தது, நூல் அங்கேதானே வருகிறது. ஆனால் ஒரு ரிங் பிரேம் நின்றால் அந்த ஒரு பிரேமின் உற்பத்திதான் போகும். ஆலைக் காற்றில் ஈரப்பதத்தைக் காக்கும் ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட்டின் சப்ளை ஃபேன் நின்றால் அந்தப் பகுதியில் ஈரப்பதம் மாறி எல்லா பிரேமிலும் இழை அறுந்துகொண்டே இருக்கும். ஏப்ரல், மே மாத வெயிலில் கேட்கவே வேண்டாம். காற்றழுத்தம் தரும் கம்ப்ரசர் நின்றால், நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் மொத்தமும் நிற்கும். இந்த இரண்டும் இருக்கும் அறைகளுக்கு யாரும் அதிகம் போவதே இல்லை. திட்டத்தை அங்கிருந்து தொடங்கினோம்.

அதிர்வு அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கினோம். 15 முதல் 300 கிலோவாட் வரையிலான மோட்டார், உறுதியான அடித்தளத்தில் இருந்தால், அதிர்வு வேகம் நொடிக்கு 2.8 மில்லிமீட்டரைத் தாண்டும்போது கவனிக்க வேண்டும், 4.5-ஐத் தாண்டினால் ஓட விடுவதே ஆபத்து. இது சர்வதேசத் தர அளவு. ஆனால் மீட்டரைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அந்த மூத்த பிட்டரின் காது. ஸ்க்ரூடிரைவர் முனையை பேரிங் ஹவுசிங்கில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, "இது இன்னும் தாங்குமுங்க, அது தாங்காது" என்பார். அவர் முதலில் கேட்டுச் சொல்வதும், பிறகு மீட்டர் வைத்துப் பார்ப்பதும் என்று வழக்கமாக்கினோம். பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போயின. திறக்காமலே உள்ளே இருப்பது அவருக்கு முன்பிருந்தே தெரிந்திருக்கிறது, யாரும் அதை எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு இந்தத் திட்டத்துக்காக என்னைவிட அதிகம் பேசியவர் அவர்தான்.

மீட்டரில் எண் கூடினால் உடனே பேரிங்கை மாற்றுவதும் கூடாது. ஃபேன் இறக்கைகளில் ஈரத்தோடு பஞ்சு ஒட்டி எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். கழுவி விட்டாலே அதிர்வு இறங்கிவிடும். பழைய முறையில் அந்த ஃபேனைப் பிரித்து நல்ல பேரிங்கைத் தூக்கிப் போட்டிருப்போம்.

திறந்தே ஆக வேண்டிய இடத்தில் வேலையின் தரத்தைப் பிடித்துக்கொண்டோம். சுத்தியலால் பேரிங் அடித்து ஏற்றுவது நின்றது. இண்டக்ஷன் ஹீட்டரில் 110 டிகிரி வரை சூடாக்கினால் தானாக நழுவி உட்காரும். மோட்டார் ஷாஃப்ட்டும் அது ஓட்டும் ஷாஃப்ட்டும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்ற அலைன்மென்ட்டை இரும்பு ஸ்கேல் வைத்துக் கண்ணால் பார்ப்பதற்குப் பதில் டயல் கேஜ். வி பெல்ட் ஒன்று அறுந்தால் மொத்த செட்டையும் மாற்றுவது.

கிரீஸ் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியே பிதுங்கும்வரை அடித்தால்தான் மனநிறைவு என்று ஒரு பழக்கம் இருந்தது. கிரீஸ் கூடினாலும் பேரிங் சூடாகிக் கெடும். பேரிங்கின் வெளி விட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி, அதை 0.005 ஆல் பெருக்கினால் மறுபடி அடிக்க வேண்டிய கிரீஸ் கிராமில் கிடைக்கும். 6310 பேரிங்குக்கு 110, 27 என்று போட்டால் 15 கிராம். கிரீஸ் கன்னை ஒரு முறை அழுத்தினால் எத்தனை கிராம் வருகிறது என்று தராசில் நிறுத்துப் பார்த்து, ஒவ்வொரு மோட்டாரிலும் எத்தனை அழுத்து என்று பெயின்டில் எழுதினோம். கிரீஸ் வகைக்கு ஒரு நிறப் புள்ளியும் வைத்தோம். லித்தியம் கிரீஸ் இருக்கும் இடத்தில் பாலியூரியா கிரீஸை அடித்தால் இரண்டும் சேராமல் இளகி ஓடிவிடலாம்.

பிரேக்டவுன் நோட்டிலும் ஒரு பத்தி கூட்டினோம்: "ஏன்?" கழற்றிய பேரிங்கை வெட்டி, மேசையில் வைத்து, பார்த்தது என்ன என்று எழுதிய பிறகுதான் ஸ்டோர்ஸில் அடுத்தது கிடைக்கும். முதலில் முணுமுணுப்பு இருந்தது. அப்புறம் ஷிப்ட் மாறும் நேரத்தில் பிட்டர்கள் தாங்களாகவே அந்த மேசையைச் சுற்றி நிற்கத் தொடங்கினார்கள். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த நேரம் அது.

அந்த மேசையில்தான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. மின்சாரச் செலவைக் குறைக்க இன்வெர்ட்டர் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) மாட்டிய மோட்டார்களில், பேரிங்கின் குண்டுகள் உருளும் பாதையில் குறுக்குக் கோடுகள் வரிவரியாக இருந்தன. இன்வெர்ட்டரால் ஷாஃப்ட்டில் உண்டாகும் மின்னழுத்தம் பேரிங் வழியாக எர்த்துக்குப் பாயும்போது ஏற்படும் அரிப்பு அது. கிரீஸ் மேலும் பிட்டர்கள் மேலும் பழி போட்டுக்கொண்டிருந்த பல பேரிங்குகளுக்கு உண்மைக் காரணம் அதுதான். புதிதாக வாங்கும் மோட்டார்களுக்கு இன்சுலேட்டட் பேரிங் கேட்கிறோம். ஏற்கெனவே ஓடுபவற்றுக்கு ஷாஃப்ட் எர்த்திங் வளையம் மாட்டி வருகிறோம். ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட் முடிந்துவிட்டது, ரிங் பிரேம் மோட்டார்கள் இன்னும் பாக்கி இருக்கின்றன.