இரவு, மொட்டை மாடி, கறுப்பு வெள்ளை

ஜனவரி 4, 2025, சனி

திருவல்லிக்கேணியில் நண்பர் வீட்டு மொட்டை மாடி. சென்னையை ராத்திரியில் தூரத்திலிருந்து படமெடுக்க, ஓரிடத்தில் குவிந்து நிற்கும் உயரக் கட்டடங்களைத் தேடிப் பயனில்லை. இது படுத்த வாக்கில் விரிந்த ஊர். தண்ணீர்த் தொட்டி, தென்னை, செல்போன் டவர், நடுவில் பார்த்தசாரதி கோயில் கோபுரம், மேற்கே எல்ஐசி. 1959-இல் திறந்தபோது நாட்டிலேயே உயரமான கட்டடம் அது. அதைவிட உயரமானவை இங்கே எத்தனையோ வந்துவிட்டன. இந்த மாடியில் ஏறினால் என் கண் முதலில் போய் நிற்பது இன்றைக்கும் அதில்தான்.

கேமராவில் இல்ஃபோர்ட் ஹெச்பி5, வேகம் 400 உள்ள கறுப்பு வெள்ளை ஃபிலிம். இரவு என்றதும் 400 ஃபிலிமை 1600-க்குப் புஷ் செய்கிற, அதாவது ஒளியைக் குறைத்துக் கொடுத்து டெவலப்பரில் கூடுதல் நேரம் வைக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. கையில் பிடித்துத் தெருவில் எடுக்க அது சரி. ட்ரைபாடில் நிற்கும் கேமராவுக்கு அது எதற்கு? ராத்திரி ஊரில் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம், ஏற்கெனவே அதிகம். புஷ் செய்தால் விளக்குகள் இன்னும் வெளுக்கும், மாடிகளெல்லாம் ஒரே மையாகிவிடும். நான் இதற்கு நேரெதிர்: தாராளமாக எக்ஸ்போஷர் (ஃபிலிமில் விழும் ஒளி) கொடுத்து, டெவலப் செய்யும் நேரத்தைக் குறைப்பேன்.

பக்கத்து வீட்டுக் கறுப்புத் தொட்டியின் நிழல் பக்கத்தை ஸ்பாட் மீட்டரில் (ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளக்கும் கருவி) அளந்தேன். லென்ஸ் திறப்பு எஃப் 8-க்கு ஒரு நிமிடம் காட்டியது. மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கத்தான் பார்க்கும். தொட்டி கறுப்பாக இருக்க வேண்டும், அதன் வளைவும் தெரிய வேண்டும். அதனால் இரண்டு ஸ்டாப் குறைத்து (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதி) 15 விநாடி. அத்தோடு முடியவில்லை. நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிமின் வேகம் குறைந்துவிடும். ஒளி துளித்துளியாக வரும்போது, வெள்ளிப் படிகத்துக்குள் முதலில் உருவாகும் அணு, துணைக்கு அடுத்தது வருவதற்குள் கலைந்துபோகிறது. இதைத்தான் ரெசிப்ராசிட்டி ஃபெயிலியர் என்கிறார்கள். இல்ஃபோர்ட் தரும் கணக்குப்படி ஹெச்பி5-க்கு நேரத்தை 1.31 என்ற அடுக்குக்கு உயர்த்த வேண்டும். 15 விநாடி 35 ஆகும், 30 விநாடி 86 ஆகும். இந்த இழப்பு அதிகம் அடிப்பது நிழலைத்தான், விளக்குகளை அல்ல. கான்ட்ராஸ்ட் தானாகவே ஏறுகிறது. புஷ் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் இது.

நண்பரின் அம்மா துணி எடுக்க மேலே வந்தார். "என்னப்பா, கும்மிருட்டுல என்ன தெரியப்போகுது?"

"தெரியும்மா. கொஞ்ச நேரம் திறந்து வெச்சா எல்லாம் விழும்."

நின்று பார்த்தார். 35 விநாடியும் மாடியில் யாரும் நடக்கக்கூடாது, தளம் லேசாக அதிரும் என்றேன். துணிக்கூடையை இடுப்பில் வைத்தபடி அசையாமல் நின்றார்.

ஜனவரி 6, திங்கள்

டெவலப்பிங். தொட்டித் தண்ணீர் ஜனவரியிலும் 26 டிகிரி. டி-76 டெவலப்பரைத் தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்தால் 20 டிகிரியில் 11 நிமிடம். 20-க்குக் கொண்டுவந்தாலும் இந்த ஊரில் அது அங்கே நிற்காது. அதனால் ஐஸ் கட்டி போட்ட பேசினில் டப்பாக்களை வைத்து 24-க்கு இறக்கி, அதற்கான எட்டு நிமிடத்தையும் ஆறரையாகக் குறைத்தேன். டேங்கை நிமிடத்துக்கு ஒருமுறைதான் மெதுவாகக் கவிழ்த்தேன். படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவும் கழுவும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும்.

நெகட்டிவ் அருமை. தொட்டியின் மூடி விளிம்பில் தெருவிளக்கு ஒரு மெல்லிய பிறையாக ஒட்டியிருக்கிறது. மூடியைக் கட்டிய கயிறுகூடத் தெரிகிறது. வெறும் கண்ணால் நான் அந்தக் கயிற்றைப் பார்க்கவே இல்லை.

ஜனவரி 9, வியாழன்

தாழ்ந்த மேகம். தெளிவான வானம்தான் வேண்டும் என்பார்கள். எனக்கு மேகம் வேண்டும். ஊர் வெளிச்சம் மேகத்தில் பட்டுத் திரும்பி வானம் சாம்பலாகிறது, அதன்மேல் கோபுரமும் தென்னையும் வெட்டி ஒட்டியதுபோல நிற்கின்றன. தெளிந்த வானத்தில் இரண்டும் கறுப்பில் கறுப்பு. நாலு ஃபிரேம் எடுத்தேன்.

ஜனவரி 11, சனி

பரங்கிமலை. சுமார் 300 அடி உயரம், ஊர் முழுக்கக் காலடியில். சோடியம் விளக்கின் மஞ்சளும் எல்இடியின் வெள்ளையும் கலந்து கிடப்பதால் இங்கே கலரில் எடுத்தால் பாதி ஊருக்கு மஞ்சள் காமாலை. கறுப்பு வெள்ளையில் அந்தச் சண்டையே இல்லை, எவ்வளவு வெளிச்சம் என்பது மட்டும்தான் கேள்வி.

விமான நிலையம் பக்கத்திலேயே. ஷட்டர் திறந்திருக்கும்போது விமானம் இறங்கினால் அதன் விளக்கு படத்தைக் குறுக்கே கீறிவிடும். கறுப்பு அட்டையை லென்ஸைத் தொடாமல் முன்னால் பிடித்து, விமானம் போனதும் அட்டையை விலக்கிவிடலாம். மூடியிருந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. வாயால் எண்ணுவதே எனக்குச் சௌகரியம்.

எங்களுக்கு முந்தைய தலைமுறை ஊட்டியில் தயாரான 'இந்து' பிராண்ட் ஃபிலிமில் இதையெல்லாம் பழகியது. இப்போது ஒவ்வொரு சுருளும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருக்கிறது. அந்த ஆலை நின்றுபோனதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஜனவரி 13, திங்கள், போகி

விடிகாலை நாலரைக்கு மறுபடி திருவல்லிக்கேணி மாடி. தெருவுக்குத் தெரு நெருப்பு, கண்ணெரிச்சல். இந்தப் புகை யாருக்கும் நல்லதல்ல. ஆனால் ஃபிலிமில் அது செய்கிற வேலையை வேறெதுவும் செய்யாது. பக்கத்து மாடி கறுப்பு, அடுத்தது அடர்சாம்பல், எல்ஐசி வெளிறிய சாம்பல் என்று தூரம் அடுக்கடுக்காகப் பிரிகிறது.

தெற்கே கலங்கரை விளக்கத்தின் கதிர் புகையில் கோடாகத் தெரிந்தது. 10 விநாடிக்கு இரண்டு மின்னல். 1894-இலிருந்து 1977 வரை இந்த வேலையைச் செய்தது உயர் நீதிமன்றக் கோபுரத்து விளக்கு. மேற்கே நிறைநிலா இறங்கிக்கொண்டிருந்தது. நிலா தன் அகலத்தைக் கடக்க இரண்டு நிமிடம்தான் ஆகும். ஒரு ஃபிரேமில் மட்டும் சேர்த்தேன்.

ஜனவரி 18, சனி

கான்டாக்ட் ஷீட் (எல்லா ஃபிரேமும் நெகட்டிவ் அளவிலேயே ஒரே தாளில்) போட்டுப் பார்த்தேன். நிலா ஃபிரேமில் நிலா வெறும் வெள்ளை வட்டம், அதை விட்டுவிடலாம். பிரிண்டுக்குப் போவது மேக இரவின் மூன்றாவது ஃபிரேமும் போகியின் எல்ஐசியும். போகிப் படத்துக்குப் பிரிண்ட் தாளின் கான்ட்ராஸ்ட் கிரேடு 2 போதும். ஏற்றினால் அடுக்குகள் போய்விடும். மேகப் படத்தைப் பிரிண்ட் போடும்போது வானத்துக்கு மட்டும் கூடுதலாகப் பத்து விநாடி கொடுக்க வேண்டும். தொட்டிக் கயிறு ஃபிரேமை நண்பரின் அம்மா கேட்டிருக்கிறார். அதை எட்டுக்குப் பத்து அங்குலத்தில் போடுகிறேன், சின்னதாகப் போட்டால் கயிறு தெரியாது.