இன்ஜின் மேட்டில், ஓஸ் மட்டும் தண்ணீரில்

இரண்டு இஞ்ச் பெட்ரோல் பம்ப் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது: "இன்ஜின் நல்லா ஓடுது, தண்ணிதான் வரல." கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் உறிஞ்சும் பக்கத்தைப் பாருங்கள்.

பம்ப் செய்வதெல்லாம் ஓஸுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுவதுதான். தண்ணீரைத் தள்ளி மேலே ஏற்றுவது வெளிக்காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் அது தாங்குவது 10.3 மீட்டர் நீர். உராய்வு, கசிவு எல்லாம் போக நடைமுறையில் 6 முதல் 7 மீட்டர். ஊட்டி, கொடைக்கானல் போல 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில் இதிலும் சுமார் 2 மீட்டரைக் கழித்துக்கொள்ளுங்கள். எத்தனை குதிரைத்திறன் இன்ஜின் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. பெட்டியில் 'ஹெட் 30 மீட்டர்' என்று அச்சடித்திருப்பது மொத்த ஏற்றம். முப்பது மீட்டர் ஆழத்திலிருந்து உறிஞ்சும் என்று அதற்குப் பொருள் இல்லை.

கோடையில் கிணற்று நீர் இறங்கியதும் பம்பைக் கயிறு கட்டி உள்ளே, பாதிக் கிணற்றுத் திட்டில் இறக்கி வைக்கத் தோன்றுவது இதனால்தான். அதை மட்டும் செய்யவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது; கிணற்றுக்குள் காற்றோட்டம் இல்லாததால் அங்கேயே தேங்கும். விளக்கை இறக்கிப் பார்ப்பது இதற்கு உதவாது. ஆளைச் சாய்க்கும் அளவு வாயு இருந்தாலும் சுடர் அணையாமல் எரியும். இன்ஜினை நிறுத்திய பிறகும் வாயு உள்ளேதான் நிற்கும். மயங்கியவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் விழுவது இப்படித்தான். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் இறங்காமல் 101-க்கோ 112-க்கோ அழையுங்கள். தண்ணீர் ஏழு மீட்டருக்குக் கீழே போய்விட்டால் நீர்மூழ்கி மோட்டாரை இறக்குங்கள்; மின்சாரம் இல்லையென்றால் ஜெனரேட்டர் மேலே, கிணற்று வாயிலிருந்து தள்ளி நிற்கட்டும்.

இனி ஓஸ். உறிஞ்சும் பக்கத்துக்குச் சுருள் வைத்த கெட்டியான ஓஸ்தான் வேண்டும். சாதாரண ஓஸ் சப்பிப்போய் ஒட்டிக்கொள்ளும். பம்பைத் தண்ணீருக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கமாக, சமதளத்தில் வையுங்கள். ஓஸ் தண்ணீரிலிருந்து பம்ப் வரை ஏறிக்கொண்டே வர வேண்டும். நடுவில் ஒரு மேடு விழுந்தால் அங்கே காற்று தங்கிவிடும். முனையில் சல்லடை கட்டாயம். அது நீர்மட்டத்துக்கு ஓரடியாவது கீழேயும் சேற்றுக்கு மேலேயும் இருக்கட்டும். ஒரு பழைய கூடைக்குள் வைத்து இறக்கினால் சேறும் பாசியும் அடைக்காது.

காற்று புகும் இடம் பெரும்பாலும் பம்ப் வாயில் உள்ள ரப்பர் வாஷர்தான். மலிவான சாமான், ஆனால் அது காய்ந்து வெடித்திருந்தால் சொட்டுத் தண்ணீர் ஏறாது. ஓஸ் மாட்டும் இடத்தில் ஒன்றுக்கு இரண்டு கிளாம்ப் போடுங்கள். சந்தேகம் இருந்தால் இன்ஜின் ஓடும்போது இணைப்புகளில் ஈரக் களிமண்ணை அப்பிப் பாருங்கள். உடனே தண்ணீர் பிடித்தால் ஓட்டை அங்கேதான்.

ஸ்டார்ட் செய்யும் முன் பம்பின் மேல் மூடியைத் திறந்து வழியும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். 'செல்ஃப் பிரைமிங்' என்று எழுதியிருந்தாலும் ஊற்றித்தான் ஆக வேண்டும். அது தானாக ஏற்றுவதே உள்ளே நிற்கும் இந்தத் தண்ணீரை வைத்துத்தான். வறண்டு ஓடினால் இன்ஜினுக்கும் பம்புக்கும் இடையிலுள்ள மெக்கானிக்கல் சீல் சூடேறி விரிசல் விடும். பிறகு பம்புக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டே இருக்கும். மூன்று நிமிடத்தில் தண்ணீர் வரவில்லையென்றால் நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

ஆயிலை இன்ஜின் சமமாக நிற்கும்போது பாருங்கள். பல மாடல்களில் ஆயில் குறைந்தாலோ, இன்ஜின் சாய்ந்திருந்தாலோ பொறியே வராமல் தடுக்கும் சென்சார் உண்டு. கயிற்றை நூறு தடவை இழுத்துவிட்டுப் பிளக்கைத் திட்டுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். குளிர்ந்த இன்ஜினுக்குச் சோக்கை மூடி இழுங்கள். ஓடத் தொடங்கியதும் மெல்லத் திறந்துவிடுங்கள். கயிற்றைக் கையிலிருந்து விடாமல் திரும்பக் கொண்டுபோய் விடுங்கள்.

மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜினைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகுதான் மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பு மறுபடி பெட்ரோலுக்கு வாருங்கள். இல்லையென்றால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் காலை ஸ்டார்ட் ஆகாது.

ஓடும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள். நிறுத்தி, கால் மணி நேரம் ஆறவிட்டு ஊற்றுங்கள். டேங்க் இருப்பது சைலன்சருக்குப் பக்கத்தில். வைக்கோல், காய்ந்த ஓலை எதுவும் மூன்றடிக்குள் கிடக்க வேண்டாம். தண்ணீரை வெளியே கொண்டுபோகும் டெலிவரி ஓஸ் வண்டிப்பாதையைக் கடந்தால் டிராக்டரை அதன்மேல் ஏற விடாதீர்கள்: ஓடும் தண்ணீர் சட்டென்று நின்று திருப்பி அடிக்கும் அடியில் பம்பின் கூடே விரியும்.

வேலை முடிந்ததும் பம்பின் கீழ்த் திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். உப்புத் தண்ணீரோ சேறோ இறைத்திருந்தால் ஐந்து நிமிடம் நல்ல தண்ணீரில் ஓட்டிவிட்டு வடியுங்கள்.