கோவெட்ஸ் லீப் குறிப்புகள்: படியில்லாத 1.8 கிலோமீட்டர்

மார்ச் 8

சிட்னிக்கு மேற்கே நீலமலைத் தொடரில், 1065 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பிளாக்ஹீத். அங்குள்ள தேசியப் பூங்கா ஹெரிட்டேஜ் சென்டரில் தொடங்கி, குரோஸ் பள்ளத்தாக்கின் விளிம்பில் உள்ள கோவெட்ஸ் லீப் காட்சிமேடையில் முடிகிறது ஃபேர்ஃபாக்ஸ் பாதை. ஒரு வழி 1.8 கி.மீ. படிக்கட்டு கிடையாது, சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போகும்படி இறுக்கிப் போட்ட தரை. நின்று நிதானித்துப் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. நுழைவுக் கட்டணம் இல்லை. நாயைக் கூட்டி வர அனுமதி இல்லை.

காட்சிமேடை வரை கார் போகும் என்பதால் நிறையப் பேர் அங்கேயே இறங்கி, பத்து நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். முட்டிவலி உள்ள பெரியவர்களோடு வருகிறவர்களுக்கு எங்கள் யோசனை: எல்லோரையும் ஹெரிட்டேஜ் சென்டரில் இறக்கிவிடுங்கள். ஓட்டுநர் மட்டும் காரைக் காட்சிமேடையில் நிறுத்திவிட்டு, பாதை வழியாக எதிரே நடந்து வரட்டும். மற்றவர்களுக்குத் திரும்பி நடக்கும் வேலையே இல்லை.

மார்ச் 9

நேற்று எழுத விட்டது. கையால் தள்ளும் சக்கர நாற்காலி என்றால் பின்னால் தெம்பான ஒரு ஆள் வேண்டும்; அங்கங்கே சரிவு உண்டு. முன்சக்கரம் சிறியதாக உள்ள மடக்கு வண்டிகள் உதிர்ந்த மரப்பட்டையிலும் சரளையிலும் சிக்கும். பெரிய சக்கர வண்டியே நல்லது. மழைக்கு மறுநாள் அந்தப் பட்டைகள் வழுக்கும், இறக்கத்தில் பிரேக்கில் கை இருக்கட்டும்.

ஏப்ரல் 19

மூடுபனி. காட்சிமேடையில் நின்றால் கண்ணுக்கு முன் வெள்ளைத் திரைதான். ஈரக்காற்று பாறைச்சுவரில் மோதி மேலேறிக் குளிர்வதால் இங்கே இது அடிக்கடி நடக்கும். சிட்னியில் வெயில் அடிக்கிறதே என்று நம்பி வரக்கூடாது. பிளாக்ஹீத்தின் வானிலையைத் தனியாகப் பாருங்கள். வந்தபின் மூடிக்கொண்டால் அரை மணி நேரம் காத்திருங்கள். சில சமயம் திரை ஒரு நொடி விலகி, எதிர்ப்பாறை முழுதும் தெரிந்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும்.

பனி நாளில் பாதைதான் விருந்து. வழவழப்பான வெளிர்ப்பட்டைத் தைல மரம் ஒன்றின் அருகே போய் நின்று பாருங்கள். பட்டையில் பலப்பத்தால் கிறுக்கியது போலக் கோடுகள் இருக்கும். பழைய பட்டைக்கும் புதுப் பட்டைக்கும் நடுவில் ஒரு அந்துப்பூச்சியின் புழு குடைந்த வழி அது. கோணல்மாணலாகப் போன புழு ஓரிடத்தில் திரும்பி, வந்த தடத்தை ஒட்டியே மறுபடி வருகிறது. அந்தத் திருப்பத்தை விரல் வைத்துத் தேடிவிடலாம். பழைய பட்டை உதிர்ந்த பிறகுதான் கோடு வெளியே தெரியும். வாசனை ஊட்டியை நினைவூட்டும். ஆனால் நீலகிரியில் 1840களில் கொண்டுவந்து நட்ட தைல மரம் டாஸ்மேனியப் பக்கத்து இனம். இங்கே இருப்பவை வேறு.

ஜூன் 14

குளிர்காலத்தில் காலை வெப்பம் சுழியத்துக்குக் கீழேயும் போகும். காதை மூடும் தொப்பி, கையுறை. காட்சிமேடை கிழக்குப் பார்த்தது. காலையில் சூரியன் முகத்தில் அடிக்கும், பாறைகள் கறுத்துத் தெரியும். படம் எடுக்க வருகிறவர்கள் மதியம் மூன்று மணிக்கு மேல் வாருங்கள். வெயில் முதுகுப் பக்கமிருந்து எதிர்ச்சுவரில் விழுந்து, மணற்கல் செம்மஞ்சளாக மாறும். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், பாதையில் விளக்கில்லை.

ஜூலை 2

வலப்பக்கம் தெரியும் அருவி பிரைடல் வெய்ல், 180 மீட்டர். மழை இல்லாத வாரங்களில்கூட இது முழுதாக வற்றாததற்குக் காரணம் மேலே பாறைச் சரிவில் ஒட்டியிருக்கும் தொங்கு சதுப்புகள். மணற்கல் மழைநீரைக் குடித்துக்கொள்ளும். கீழே களிமண் அடுக்கு வந்ததும் நீர் இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் கசியும். அந்தக் கசிவில் புல்லும் பெரணியும் வளர்ந்து, மட்கி, பஞ்சு போல நீரைப் பிடித்து வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுகிறது. எதிர்ப்பாறையைக் கவனித்தால் குறுக்கே கறுத்த ஈரப் பட்டைகள் தெரியும், அதே அடுக்குகள்தான். அழிவின் விளிம்பில் இருக்கும் நீலமலை நீர் அரணை வாழ்வதும் இப்படிப்பட்ட சதுப்புகளில்தான். ஒரு செருப்புத் தடம் போதும், அதன் வழியே நீர் ஓடி வாய்க்காலாகி, சதுப்பு காயத் தொடங்கிவிடும். தயவுசெய்து பாதையை விட்டு இறங்காதீர்கள்.

அருவி பெருகிப் பார்க்க வேண்டுமா? நல்ல மழை நின்று இரண்டாம் நாள்.

ஆகஸ்ட் 23

பலத்த மேல்காற்று. தைல மரங்கள் முன்னறிவிப்பே இல்லாமல் கிளையை முறித்துப் போடும். இந்த மாதிரி நாளில் காட்டுப் பாதை வேண்டாம், நேரே காட்சிமேடைக்கு வண்டியில் போய்விடுங்கள்.

கோவெட்ஸ் லீப் ('கோவெட்டின் குதிப்பு') என்ற பெயரைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். குதிரையோடு குதித்த கொள்ளையன் கதை கட்டுக்கதை. 1831இல் இங்கே வந்த நில அளவையாளர் வில்லியம் கோவெட்டின் பெயர் இது. 'லீப்' அருவியைக் குறித்த பழைய சொல். பூர்வகுடிகளான தாருக், குண்டுங்குரா மக்களுக்கோ இது அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே சொந்த மண்.

நவம்பர் 15

வெயில் காலம் தொடங்கிவிட்டது. கிளம்பும் முன் பூங்காத் துறையின் தளத்தில் மூடல் அறிவிப்பைப் பாருங்கள். தீ அபாயம் உச்சத்தில் இருக்கும் நாட்களில் பூங்காவையே மூடுவார்கள். 2019–20 தீயில் குரோஸ் பள்ளத்தாக்கும் எரிந்தது. கருகிய அடிமரத்தில் பட்டைக்கு அடியிலிருந்து தளிர்கள் கொத்தாகக் கிளம்பும். பாங்சியா மரத்தின் முற்றிய காய்களில் உதடு போன்ற வாய்கள் திறந்திருக்கும். பல இனங்களில் தீயின் சூடு பட்டால்தான் அவை திறந்து விதையை விடும்.

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். காட்சிமேடையிலிருந்து அருவியின் அடிக்கு இறங்கும் வழி செங்குத்தான படிகள். எளிய நடைக்கு வந்தவர்கள் அதில் ‘கொஞ்சம் மட்டும்’ என்று இறங்க வேண்டாம், ஏறும்போதுதான் தெரியும். அவசரத்துக்கு 000.

ரயிலில் வருகிறவர்களுக்கு: சிட்னி சென்ட்ரல் நிலையத்தில் இருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம், பரமட்டாவிலும் ஏறலாம். பிளாக்ஹீத் நிலையத்திலிருந்து ஹெரிட்டேஜ் சென்டர் சுமார் 2.5 கி.மீ. சாலை நடை. சக்கர நாற்காலியோடு வந்தால் அந்தத் தூரத்துக்கு வண்டியை முன்கூட்டியே பேசி வையுங்கள். திரும்பும் ரயில் மணிக்கு ஒன்று அளவில்தான்.