412 டெஸ்ட், எல்லாம் பச்சை

இன்று மதியம், எங்கள் நிரலின் தள்ளுபடிக் கணக்கில் இருந்த ‘>=’ குறியை வேண்டுமென்றே ‘>’ ஆக்கிவிட்டு, நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்களை ஓட்டினேன்.

412 டெஸ்ட். எல்லாம் பச்சை, அதாவது பாஸ்.

‘1000 ரூபாயும் அதற்கு மேலும்’ என்ற விதி ‘1000-க்கு மேல்’ என்றாகி, சரியாக 1000 ரூபாய்க்கு வாங்குபவருக்குத் தள்ளுபடி போச்சு. ஒரு டெஸ்ட்கூட வாயைத் திறக்கவில்லை.

அந்த வரியைத் தொடும் ஒரே டெஸ்டைத் திறந்தால், அசெர்ட்டே இல்லை, அதாவது விடையைச் சரிபார்க்கும் வரியே இல்லை. ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது, அவ்வளவுதான். எந்தப் புண்ணியவான் எழுதியது என்று தேடினேன்.

நான்தான். கவரேஜ் (டெஸ்ட்களில் ஓடும் வரிகளின் பங்கு) 90 சதவீதம் வேண்டும் என்று மேலிடம் நெருக்கிய வாரம் அது.

வரி ஓடியதா என்றுதான் கவரேஜ் பார்க்கும். விடை சரியா என்று பார்க்காது.

இப்படி நிரலைக் கெடுத்துப் பார்ப்பதற்கு மியூட்டேஷன் டெஸ்டிங் என்று பெயர். ரிச்சர்ட் லிப்டன் மாணவராக இருந்தபோது, 1971-லேயே சொன்ன யோசனை. ஜாவாவில் ‘பிட்’ என்ற கருவி தானாகவே செய்துவிடும்.

999, 1000, 1001. மூன்றுக்கும் டெஸ்ட் எழுதிவிட்டுத்தான் டீ குடிக்கப் போனேன்.